தண்ணீர் தராத பானை

மூன்று நாள் அலைந்ததில் லாயிட் உருப்படியாகக் கண்டுபிடித்தது ஒன்றுதான்: ஸ்ரீராம்புரத்தில் டிகாக்‌ஷனில் தண்ணீர் கலக்காத காபிக்கடை எது என்பது.

"மருந்து?" என்று கேட்டாள் அவனுடைய முதலாளி பாகீரதி.

"அறுபத்திரண்டு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கிட்டேன் மேடம். என் செருப்பு எனக்கு ராஜினாமா கொடுத்திடுச்சு. பதினெட்டு வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்தவன் நான். எந்தக் கடைக்காரர் திருட்டுச் சரக்கை எந்த டிராயர்ல வைப்பார்னு எனக்கு அத்துப்படி. சர்க்கார் முத்திரை போட்ட இன்சுலின் ஒரு பாட்டில்கூட மார்க்கெட்டுக்கு வரல."

"நர்சிங் ஹோம்?"

"அங்கேயும் இல்ல. எடுத்தது யாரோ, விக்கிறதுக்காக எடுக்கல."

பாகீரதி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஐம்பத்தேழு வயது. அரசாங்கத் தணிக்கைப் பிரிவில் இருபத்தைந்து வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டினாள். அலுத்துப்போய் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெங்களூரு அடுகோடியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. வருகிற கேஸ்களில் பாதி, மாப்பிள்ளை நிஜமாகவே அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானா என்று விசாரிப்பது. மீதிப் பாதி, கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மாப்பிள்ளை எங்கே போனான் என்று தேடுவது. காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருக்கும்.

இந்தக் கேஸ் வேறு மாதிரி. கிணத்தடி ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்கிற சின்ன அரசு சுகாதார நிலையம் அது. மூடிபோட்ட பழைய கிணறு ஒன்று, அதன் பக்கத்தில் மூன்று அறை. அங்கே டாக்டர் ஸ்னேஹா வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. பத்து நாள் முன்பு இருப்பைச் சரிபார்க்க அவள் இன்சுலின் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பதிவேட்டில் நாற்பத்தெட்டு பாட்டில் இருந்தது. ஃப்ரிட்ஜில் ஒன்றுகூட இல்லை.

சாவி மருந்தாளுநர் வீணாவிடம். ஒப்பந்த ஊழியர், ஒன்பது வருஷ சர்வீஸ், ஒரு நாள்கூடத் தாமதமாக வந்தவள் இல்லை. மருந்து எங்கே என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நோட்டீஸ் கொடுத்தாயிற்று, அதற்கும் பதில் இல்லை. இன்று நாலு மணிக்கு மருந்துக் கிடங்கு சூப்பரின்டெண்ட் கோவிந்தப்பா மாதாந்திர வேனோடு வருகிறார். அதற்குள் விஷயம் தெரியாவிட்டால் போலீஸ் புகாரில் டாக்டர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வீணாவுக்கு வேலை போகும், ஜெயிலுக்குப் போனாலும் போவாள். டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் யாருக்கும் சொல்லாமல் பாகீரதியைக் கூப்பிட்டிருந்தாள்.

இப்போது மணி பதினொன்றே கால்.

மருந்து அறையில் மூன்று பேர் நிற்கவே இடம் பற்றாது. ஜன்னலுக்கு வெளியே வரிசை சுவரைச் சுற்றி வளைந்திருந்தது. வீணா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பி.பி. மாத்திரை அட்டைகளைக் கத்தரியால் வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாகீரதி டாக்டரோடும் லாயிட்டோடும் உள்ளே வந்தபோது கத்தரி ஒரு நொடி நின்று மறுபடியும் நகர்ந்தது.

அப்போது கரண்ட் போனது.

"பெங்களூரு," என்றான் லாயிட் இருட்டில். "ராக்கெட்டுக்கு சாஃப்ட்வேர் எழுதற ஊரு."

இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தது. ட்யூப்லைட் மூன்று தடவை கண்சிமிட்டியது. கம்ப்யூட்டர் கீச்சென்றது. ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. மூலையில் இருந்த ஃப்ரிட்ஜின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. ஏதோ ஒன்று குறைகிறாற்போல பாகீரதிக்குத் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஃப்ரிட்ஜின் மேலே கயிற்றில் கட்டித் தொங்கிய வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். காலை நாலு டிகிரி, மாலை நாலு டிகிரி. அடுத்த நாளும் அதே. போன மாசமும் அதே, போன வருஷ தீபாவளி அன்றைக்கும் அதே. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் டாக்டரின் கையெழுத்து.

லாயிட் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இவ்வளவு நிதானமா ஒருத்தர் இருக்க முடியுமா? இந்த ஃப்ரிட்ஜுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு நினைக்கிறேன்."

"ஐஸ் பேக் எங்கே வைப்பீங்க டாக்டர்?" என்று கேட்டாள் பாகீரதி.

"அந்த அலமாரியில. பன்னிரண்டு. எல்லாம் அப்படியே இருக்கு, எண்ணிப் பார்த்துட்டேன்."

லாயிட் உதட்டைப் பிதுக்கினான். "இந்த ஏப்ரல் வெயில்ல ஐஸ் இல்லாம இன்சுலினைத் தூக்கிட்டுப் போறவன் திருடன் இல்ல மேடம், முட்டாள்."

"இல்ல, ரொம்பப் பக்கத்துல போறவன்," என்றாள் பாகீரதி.

கத்தரி மறுபடியும் நின்றது. இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம்.

பாகீரதி டாக்டரை வெளியே கிணற்று மேடைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். "இன்சுலின் போடறவங்க எத்தனை பேரு உங்ககிட்ட?"

"இருபத்திரண்டு."

"பத்து நாளா மருந்து இல்ல. எத்தனை பேர் வந்து சண்டை போட்டாங்க?"

ஸ்னேஹா விரல்விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்தினாள். "யாரும் வரலையே."

"போன வாரம் இருமல் மருந்து தீர்ந்துபோச்சுன்னு கேட்டை ஆட்டினாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? உயிர் மருந்து இல்லாம பத்து நாள், ஒருத்தருக்கும் கோபம் வரலையா?"

"சுகர் ரிப்போர்ட்டும் யாருக்கும் ஏறல," என்றாள் டாக்டர் மெதுவாக. "நான்தான் பாக்கறேன். எல்லாம் சரியாவே இருக்கு."

"யாருக்கு இந்த வாரம் புது பாட்டில் கொடுத்திருக்கணும்?"

டாக்டர் போனில் தேடினாள். "முனிகிருஷ்ணன். கார்ப்பரேஷன்ல துப்புரவு வேலை. பின்னாடி சந்துலதான் வீடு."

"நடங்க லாயிட்."

"திரும்பவும் நடையா?" என்று அவன் தன் பழைய ரெப் பையைத் தூக்கினான். அதில் இப்போது குடையும் ஒரு பொட்டலம் கோடுபளை முறுக்கும் மட்டும்தான் இருந்தன. கை வெறுமையாக நடந்தால் சமநிலை தப்பிவிடும் என்று அவன் சொல்வான்.

சந்து இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியேறி நிற்க வேண்டிய அகலம். வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த முனிகிருஷ்ணனின் மனைவி லட்சுமம்மா, இவர்களைப் பார்த்ததும் நுரைக் கையோடு எழுந்தாள். அவர் டியூட்டிக்குப் போயிருக்கிறார், இரண்டு மணி ஆகும் என்றாள்.

"பரவால்ல அக்கா, ஸ்வல்ப நேரம் உக்காந்துட்டுப் போறோம். மேடத்துக்கு முழங்கால் வலி," என்று லாயிட் படியில் உட்கார்ந்தே விட்டான். "குடிக்கத் தண்ணி கொடுங்க. வெயில் மண்டையைப் பொளக்குது."

லட்சுமம்மா அவசரமாக உள்ளே போனாள். பிளாஸ்டிக் குடத்தைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. சொம்பில் தண்ணீர் வந்தது. லாயிட் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். தகரக் கூரைக்குக் கீழே காலையிலிருந்து காய்ந்த தண்ணீர். டீத்தூள் போட்டால் டீயாகிவிடும்.

பாகீரதி குடிக்கவில்லை. வாசற்படியின் நிழலில் ஒரு மண்பானை இருந்தது. மணல் தட்டின் மேல் உட்கார்த்தி, ஈரச் சாக்கு சுற்றி, மூடியின் மேல் ஒரு செங்கல் வைத்திருந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சந்துகளில் சண்டைக்கு வந்தவனுக்குக்கூட முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடுவார்கள். சித்திரை வெயிலில் வாசலிலேயே பானையை வைத்துக்கொண்டு, வந்தவருக்குச் சுடுதண்ணீர் கொடுக்கிற வீட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"பானைத் தண்ணி இல்லியாம்மா?"

"அது..." லட்சுமம்மா பானைக்கும் அவளுக்கும் நடுவில் நகர்ந்து நின்றாள். "அது ஓட்டைப் பானை மேடம்."

"ஓட்டைப் பானைக்கா சாக்கு சுத்தி, குங்குமம் வெச்சு, பூவும் வெச்சிருக்கீங்க?" என்றான் லாயிட். "எங்க வீட்டுல எனக்குக்கூட இந்த மரியாதை கிடையாது."

பாகீரதி எழுந்து சந்தின் மறுகோடி வரைக்கும் பார்த்தாள். இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு. எட்டு வாசலிலும் எட்டுப் பானை, எட்டு ஈரச் சாக்கு, எட்டுச் செங்கல். அவளுக்குக் கணக்கு போடக்கூட வேண்டியிருக்கவில்லை.

"ஒரு வீட்டுக்கு ஆறா?"

"பேடா, வேண்டாம் மேடம், கேக்காதீங்க," என்றாள் லட்சுமம்மா. கண் கலங்கிவிட்டது. "யார் வந்து கேட்டாலும் வீணா மேடம் பேரை மட்டும் நான் சொல்லவே மாட்டேன்."

லாயிட் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்குக்கூடச் சிரிக்க மனம் வரவில்லை.

பாகீரதி தானே குனிந்து செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தாள். முழங்கால் சொடக்கென்றது. பானைக்குள்ளே ஈர மணல். மணலுக்கு நடுவில் இன்னொரு சின்னப் பானை. அதற்குள் எவர்சில்வர் டப்பா. டப்பாவில் வெள்ளைத் துணி விரித்து ஐந்து இன்சுலின் பாட்டில், அரசாங்க முத்திரையோடு. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், நூலில் கட்டியது. டப்பா மூடிக்குள் மடித்து வைத்த ஒரு பள்ளிக்கூட நோட்டு.

நோட்டைத் திறந்தாள். தேதி போட்டு, மூன்று வேளையும் எண்கள். 22, 24, 23. 21, 23, 22. ஒரு மத்தியானம் 27 என்று இருந்தது. அதன் கீழே வேறு பேனாவில், 'கூரை சூடு. மூணாம் வீட்டுக்கு மாத்தியாச்சு' என்றிருந்தது. இன்னொரு நாள், 'லட்சுமம்மா கல்யாணத்துக்குப் போனார். சாக்கு காஞ்சிருந்தது. ரெண்டு மணி நேரம்.' நேற்றைய பக்கத்தில், 'ஒண்ணு முனிகிருஷ்ணனுக்கு.'

பாகீரதி நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் கையில் எத்தனையோ ஆயிரம் பதிவேடு வந்து போயிருக்கிறது. ஆனால் தான் செய்த தப்பைத் தானே இப்படி எழுதி வைத்த பதிவேட்டை அவள் பார்த்ததேயில்லை.

"ரெண்டு ரெஜிஸ்டர்," என்றாள். "ஒண்ணுல எப்பவும் நாலு. இன்னொண்ணுல ஏறி இறங்குது. ஏறி இறங்கறதுதான் நிஜம்." பிறகுதான் கரண்ட் திரும்பி வந்தபோது குறைந்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. எல்லாம் சத்தம் போட்டு எழுந்தன. ஃப்ரிட்ஜ் மட்டும் தடதடக்கவில்லை. "லாயிட், அந்த ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு. விளக்கு மட்டும்தான் எரியுது."

"பதினாலு மாசமாச்சு," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஆஸ்பத்திரி ஆயா பவுலின், டிபன் கேரியர் பையோடு நின்றிருந்தாள். பைக்குள் டிபன் இல்லை. ஒரு தெர்மாமீட்டரும் மூன்று பால்பாயிண்ட் பேனாவும்தான். மத்தியானச் சுற்றுக்கு வந்தவள். ஓடவும் இல்லை, மழுப்பவும் இல்லை. படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"தினம் மூணு தடவை எட்டு வீடு ஏறி இறங்கறேன். எனக்கும் அறுபது ஆகப்போகுது. யாராவது கண்டுபிடிச்சாத் தேவலைன்னு ஒரு மனசு, கண்டுபிடிச்சிடக் கூடாது ஏசப்பான்னு ஒரு மனசு."

மணி ரெண்டரைக்கு மருந்து அறையின் ஜன்னல் மூடப்பட்டது. வீணா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜையில் அந்தப் பள்ளிக்கூட நோட்டு. அதைப் பார்த்ததும் அவள் அழவில்லை. சுமையை இறக்கியவள்போலத் தோள் தளர்ந்தது.

"எல்லாம் இருக்கு மேடம். நாப்பத்தெட்டுல அஞ்சு கொடுத்திருக்கேன். புதுசு கொடுக்கறப்போ திருப்பி வாங்கின பழைய காலி பாட்டில் அஞ்சும் பவுலின் அக்காகிட்ட இருக்கு. இந்த அளவு குளிர்ச்சியில ஒரு மாசம் வரைக்கும் மருந்து கெடாது. அதுக்கு மேல எதையும் பானையில வெச்சதில்ல."

"ஏன் வீணா?" ஸ்னேஹாவின் குரலில் கோபத்தைவிட வலி அதிகமாக இருந்தது. "ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் டாக்டர். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல மூணு லெட்டர் எழுதினேன். ரிப்பேருக்குத் தனியா நிதி இல்லைன்னாங்க. மருந்துக்குன்னு வர்ற பணத்துல ஃப்ரிட்ஜைத் தொடக்கூடாதாம். மருந்து வாங்கக் காசு இருக்கு, வாங்கின மருந்தை வெச்சுக்கக் காசு இல்ல. நாலாவது லெட்டர் எழுத உக்காந்தப்போதான் ஸ்டோர்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணினார். 'அம்மா, எழுதாதே. எழுதினா சர்க்குலர்படி உங்களுக்கு இன்சுலினையே நிறுத்திடுவாங்க'ன்னார்."

"நிறுத்தினா என்ன ஆகும்?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு நாள் முழுக்க வரிசை. முனிகிருஷ்ணன் மாதிரி ஆளுங்களுக்கு ஒரு நாள் லீவுன்னா ஒரு நாள் கூலி போச்சு. ரெண்டு தடவை போவாங்க. மூணாவது தடவை ஊசியையே விட்டுடுவாங்க. போன தடவை ஸ்டாக் இல்லாதப்போ, ஏழாம் நம்பர் வீட்டுக்காரருக்குக் கால் எடுத்தாச்சு." வீணா கையைப் பிசைந்துகொண்டாள். "அதனால நாலுன்னு எழுதினேன். தினமும் ரெண்டு தடவை பொய் எழுதினேன். நீங்க கேட்டப்போ உண்மையைச் சொன்னா மருந்து நிக்கும். சொல்லலைன்னா நான் மட்டும்தான் போவேன். அதான் பேசாம இருந்தேன்."

ஸ்னேஹா பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். ஆறு வாரம், ஆறு கையெழுத்து. அழகான, சாய்வான, அவளுடையதே. "நான் ஒரு தடவைகூட உள்ளே கைவிட்டுப் பார்க்கல," என்றாள். "அன்னிக்குத் திறந்தப்போகூட எண்ணினேனே தவிர, சில்லுனு இருக்கான்னு தோணவே இல்ல."

லாயிட் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த கன்னடச் சுற்றறிக்கையை விரலால் தடவி, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தான்.

"'தணிக்கை அறிக்கை பத்தி பதினாலின்படி... குளிர்சாதன வசதி இயங்காத நிலையங்களுக்கு இன்சுலின் வழங்குவது வீண் செலவு என்பதால், அத்தகைய நிலையங்களுக்கு வழங்கலை உடனே நிறுத்த வேண்டும்.' அடடா! ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருக்கார். எழுதின புண்ணியவான் வீட்டுல யாருக்கும் சுகரே கிடையாது போல."

"எங்க அம்மாவுக்கு இருந்தது," என்றாள் பாகீரதி.

லாயிட் திரும்பிப் பார்த்தான்.

"பதினோரு வருஷம் இருக்கும். எங்கேயோ ஒரு தாலூக்காவுல சோதனைக்குப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தா வெந்நீர் மாதிரி ஆவி அடிச்சது. உள்ளே இருநூறு பாட்டில், அத்தனையும் கெட்டுப்போனது. அதைத்தான் ஜனங்களுக்குப் போட்டுட்டிருந்தாங்க. எனக்கு வந்த கோபத்துல, அன்னிக்கு லாட்ஜுக்கு வந்து இந்தப் பத்தி பதினாலை ஒரே மூச்சில எழுதினேன்." அவள் சுற்றறிக்கையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல வீணா. அதான் எனக்குத் தாங்கல."

உங்களை ஒன்பது வருஷ சர்வீஸோடு திருடியாக நிற்கவைத்தது கோவிந்தப்பா இல்லை, நான்தான் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் வீணாவே அவளைப் பார்த்து, "பாட்டில் கெட்டிருந்தா நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன் மேடம்," என்றாள். அந்த ஆறுதல்தான் பாகீரதிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

மணி மூன்று. அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"லாயிட், அந்த வருஷத்து அறிக்கை வெப்சைட்ல இருக்கும். பிடிஎஃப். பத்தி பதினாலை எடுங்க."

"அதான் இங்கே ஒட்டியிருக்கே மேடம்."

"நான் ரெண்டு வாக்கியம் எழுதினேன்."

லாயிட் போனைத் தடவினான். சிக்னல் வாசலில்தான் கிடைத்தது. நாலு நிமிஷம் கழித்து ஓடி வந்தவன் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. "இருக்கு மேடம்! 'வழங்கல் நிறுத்தப்பட்ட பதினைந்து நாட்களுக்குள் துறை மாற்றுக் குளிர்சாதனப் பெட்டி தர வேண்டும்; அதுவரை நோயாளிகளுக்கு மருந்து தடைபடாதபடி மாற்று ஏற்பாடு செய்வது துறையின் பொறுப்பு.' இதை ஏன் சர்க்குலர்ல போடல?"

"முதல் வாக்கியத்துக்குச் செலவு கிடையாது. ரெண்டாவதுக்கு உண்டு," என்றாள் பாகீரதி. "பேப்பர் எடுங்க வீணா. உங்க மூணு லெட்டரோட நகலும் வேணும்."

நோட்டீசுக்கான பதிலை அவளே சொல்லச் சொல்ல வீணா எழுதினாள். மருந்து திருடு போகவில்லை. குளிர்சாதனப் பெட்டி பதினாலு மாதமாக இயங்கவில்லை. மூன்று முறை தெரிவிக்கப்பட்டது. பத்தி பதினாலின் இரண்டாவது வாக்கியத்தின்படி துறை செய்திருக்க வேண்டிய மாற்று ஏற்பாட்டை, துறை செய்யாததால், மருந்தாளுநர் செய்தார். எட்டு வீடுகளின் பட்டியலும் வெப்பநிலை நோட்டும் இணைப்பில்.

"பொய் எழுதினதையும் எழுதணுமா மேடம்?"

"எழுதணும். அதுக்குத் தண்டனை வந்தா வாங்கித்தான் ஆகணும். இன்க்ரிமென்ட் போகலாம், வேலையேகூடப் போகலாம். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா திருட்டுப் பட்டம் இருக்காது."

வீணா எழுதினாள்.

நாலு மணிக்கு வேன் வந்தது. கோவிந்தப்பா இறங்கினார். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருப்பவர், நெற்றியில் வியர்வை, கையில் போலீஸ் புகாரின் அச்சடித்த படிவம். அவர் உள்ளே நுழையும்போது வழக்கமாக மாலை வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதும் நேரமாகியிருந்தது. வீணாவின் கை பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தது. டாக்டர் ஸ்னேஹா அதை வாங்கிக்கொண்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, தெர்மாமீட்டரைப் படித்து, அத்தனை நாலுகளுக்கும் கீழே இருபத்தாறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

கோவிந்தப்பா பதிலை இரண்டு தடவை படித்தார். "இந்த ரெண்டாவது வாக்கியம் எங்கேயிருந்து வந்தது? எங்க சர்க்குலர்ல இல்லையே."

"நான் எழுதினப்போ இருந்தது," என்றாள் பாகீரதி.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெயரைக் கேட்டார். சொன்னாள். "ஓ, நீங்களா," என்று மட்டும் சொன்னார். அந்த அறிக்கை வந்த வருஷம் அவருடைய கிடங்கிலும் தலைகள் உருண்டிருக்க வேண்டும்.

"வேன்ல இந்த மாசத்து இன்சுலின் இருக்கு," என்றார் கடைசியில். "இருபத்தாறுன்னு எழுதியாச்சு. ரூல்படி நான் இறக்கக்கூடாது. அந்த வீடுங்களைக் காட்டுங்க."

எல்லோருமாகச் சந்துக்குள் போனார்கள். எட்டுப் பானையின் மூடியையும் அவர் தானே திறந்து எண்ணினார். நாற்பத்து மூன்று. பவுலின் முந்தானை முடிச்சிலிருந்து காலி பாட்டில் ஐந்தை எடுத்து வைத்தாள். நோட்டில் 27 என்று இருந்த பக்கத்தில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். வெயில் சுட்டது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கிடைக்குமா?" என்றார்.

லட்சுமம்மா பிளாஸ்டிக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். சொட்டிக்கொண்டிருந்த பானையைப் பார்த்தார், கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். அந்தச் சுடுதண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

பிறகு வேன் டிரைவரைக் கூப்பிட்டு, "இறக்கப்பா," என்றார்.

வீணா குனிந்து பானையின் மூடியை எடுத்தாள்.

"பதினஞ்சு நாள்," என்றார் கோவிந்தப்பா, போலீஸ் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே. "மாற்று ஏற்பாடுன்னு நானும் எழுதிக்கறேன். ஃப்ரிட்ஜ் மேலே இருந்து வரணும், என் கையில இல்ல. பதினாறாம் நாள் வரலைன்னா நானே வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்கம்மா."

வேன் போனது. மெயின் ரோடு வரைக்கும் பாகீரதியும் லாயிட்டும் நடந்தார்கள். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. அவளுக்கு உடம்பு முழுவதும் வலித்தது.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றான் லாயிட், கோடுபளைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியபடி. "நாலு நாள் தூங்குங்க."

"டைரி இருக்கா?"

"இருக்கு."

"பதினாறாம் நாள்னு போட்டுக்குங்க. காலையிலேயே இங்கே வந்துடணும். நடுவுல தினம் ஒரு ஆபீஸ், வீணாவோட லெட்டரைத் தூக்கிட்டுப் போகணும்."

"நமக்கென்ன மேடம் அதுல? நீங்கதான் ரெண்டு வாக்கியமும் சரியா எழுதினீங்களே."

"எழுதினேன்," என்றாள் பாகீரதி. "எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

லாயிட் பேனாவை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டான்.